வால்யூம் நாப்ல 10-ன்னு போட்டிருக்கே, அது 10 என்ன?

கிட்டார் ஆம்ப், அதாவது கிட்டார் சத்தத்தைப் பெருக்கிக் குடுக்குற ஆம்ப்ளிஃபயர், புதுசா வாங்கினவங்க கிட்டத்தட்ட எல்லாருமே கேக்குற முதல் கேள்வி, "வால்யூம் எத்தனைல வைக்கணும்?"ங்குறதுதான். கேள்வி நியாயமானதுதான், ஏன்னா நாப்பைச் சுத்தி 1, 2, 3ன்னு அழகா அச்சடிச்சு வச்சிருக்காங்க, நம்பர்னு ஒண்ணு இருந்தா அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கும்னுதானே நாம நினைப்போம். ஆனா ரெண்டு வேற வேற ஆம்பைப் பக்கத்துல பக்கத்துல வச்சு, ரெண்டையும் 4-க்குத் திருப்பி, ஒரே கிட்டாரை வாசிச்சுப் பாருங்க. ஒண்ணு நாம பேசுற சத்தத்துக்கு இருக்கும், இன்னொண்ணு அடுத்த ரூம்ல தூங்குறவங்களை எழுப்பி உக்கார வச்சிடும். ரெண்டுலயும் அதே 4தான்.

தராசுல 4ன்னா 4 கிலோ. தெர்மாமீட்டர்ல 38ன்னா 38 டிகிரி. இந்த 4 இருக்கே, இதுக்குப் பின்னாடி எதுவுமே இல்ல. 4 வாட்டா? 4 டெசிபலா? 4 மடங்கா? ஒண்ணும் கிடையாது. நாப் எவ்ளோ தூரம் திரும்பியிருக்குங்குறதுக்கு வச்ச அடையாளம், அவ்ளோதான். இந்த ஒரு விஷயம் பிடிபட்டுச்சுன்னா ஆம்ப்ல பாதி குழப்பம் போயிடும், அதோட உலகத்துல கிட்டார்காரங்க நடுவுல ரொம்ப காலமா ஓடிட்டு இருக்குற ஒரு ஜோக் ஏன் அவ்ளோ நல்ல ஜோக்குங்குறதும் புரியும்.

அந்த ஜோக் வந்தது 1984-ல, ராப் ரைனர் எடுத்த 'திஸ் இஸ் ஸ்பைனல் டேப்'ங்குற படத்துல. இல்லாத ஒரு ராக் பேண்டைப் பத்தி நிஜமான டாக்குமெண்டரி மாதிரியே எடுத்த படம். அதுல நைஜல் டஃப்னெல்னு ஒரு கிட்டாரிஸ்ட், நடிச்சது கிறிஸ்டோஃபர் கெஸ்ட், தன்னோட மார்ஷல் ஆம்பைப் பெருமையா காட்டுவாரு. மத்தவங்க ஆம்ப் எல்லாம் 10 வரைக்கும்தான் போகும், இதுல எல்லா நாப்பும் 11 வரைக்கும் போகும், அதனால இது ஒரு படி அதிக சத்தம்ங்குறது அவரோட கணக்கு. பேட்டி எடுக்குறவரு ரொம்ப அமைதியா கேப்பாரு, அதுக்குப் பதிலா 10-ஐயே இன்னும் சத்தமா இருக்குற மாதிரி செஞ்சுட்டு அதுதான் உச்சம்னு வச்சிருக்கலாமேன்னு. நைஜல் கொஞ்ச நேரம் யோசிப்பாரு, யோசிச்சிட்டு திரும்பவும் இது 11 வரைக்கும் போகுமேன்னு சொல்லுவாரு.

எனக்கு அந்த யோசிக்கிற இடம்தான் ரொம்பப் பிடிக்கும். நம்பர் வேற, சத்தம் வேறங்குறது அவரு மனசுக்குள்ள வரப் பாக்குது, வாசல் வரைக்கும் வந்துட்டு திரும்பிப் போயிடுது. நாமளும் ஆரம்பத்துல ஆம்ப் முன்னாடி நிக்கும்போது அதே வாசல்லதான் நிக்குறோம், அதனாலதான் அந்த சீனைப் பாத்து சிரிக்கிறவங்கள்ல நிறைய பேரு அடுத்த நாளே ரெண்டு ஆம்பை நம்பரை வச்சு ஒப்பிட்டுட்டு இருப்பாங்க.

சரி, நாப்புக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு பாப்போம். அங்க இருக்குறது பொட்டென்ஷியோமீட்டர்னு ஒரு பொருள், சுருக்கமா பாட்னு சொல்லுவாங்க. உள்ள குதிரை லாடம் மாதிரி வளைஞ்ச ஒரு கார்பன் பட்டை, அது மேல உரசிக்கிட்டே நகருற ஒரு சின்ன உலோக நாக்கு. நாப்பைத் திருப்பினா நாக்கு நகரும், கிட்டாருல இருந்து வந்த சிக்னல்ல எவ்ளோ பங்கு அடுத்த கட்டத்துக்குப் போகணும்ங்குறதை நாக்கு நிக்கிற இடம் தீர்மானிக்கும். இங்க ஒண்ணு கவனிக்கணும், இந்த பாட் சத்தத்தைக் கூட்டுறதே இல்ல, கூட்டுற சக்தியே அதுக்குக் கிடையாது. வர்றதைத் தடுக்கத்தான் அதுக்குத் தெரியும். தண்ணிக் குழாய் மாதிரி வச்சுக்கங்க. குழாயைத் திறக்குறதால தண்ணி உற்பத்தி ஆகுறது இல்ல, டேங்க்ல இருக்குறதுதான் வரும். முழுசாத் திறந்தாச்சுன்னா முழுசாத் திறந்தாச்சு. அந்த இடத்துக்கு 10-ன்னு பேர் வச்சாலும் 11-ன்னு பேர் வச்சாலும் டேங்குக்கு அது தெரியவே தெரியாது.

பாட் சாதாரணமா கிட்டத்தட்ட 300 டிகிரி வரைக்கும்தான் சுத்தும், முழு வட்டம் சுத்தாது. 0-ல இருந்து 10 வரைக்கும் போட்டா ஒரு நம்பருக்கு 30 டிகிரி வரும். 20 வரைக்கும் போட்டா ஒரு நம்பருக்கு 15 டிகிரி. ஒரே கயித்தை 10 துண்டா வெட்டினாலும் 11 துண்டா வெட்டினாலும் கயித்தோட நீளம் மாறுமா? மாறாது இல்லையா, இதுவும் அதேதான்.

சுவாரசியம் என்னன்னா 11-ங்குறது நிஜ உலகத்துக்குப் பெரிய நம்பரே கிடையாது. ஃபெண்டர் கம்பெனி 1950-கள்ல செஞ்ச ட்வீட் ஆம்ப்கள் இருக்கே, துணி ஒட்டின பெட்டி மாதிரி இருக்கும், அதுல நாப் 12 வரைக்கும் போகும். படம் வர்றதுக்கு ஏறக்குறைய 30 வருஷம் முன்னாடியே! அதுவும் அதுல ட்வீட் டீலக்ஸ்ங்குற மாடல் ரொம்பப் பெரிய ஆம்ப் கூட இல்ல, ஏதோ 15 வாட் பக்கம் வர்ற சின்ன ஆம்ப். ஒரு 100 வாட் மார்ஷல் 10-ல நிக்கும், இந்தக் குட்டி 12-ல நிக்கும், நைஜல் கணக்குப்படி பாத்தா குட்டிதான் ஜெயிக்கணும். அப்புறம் அதே ஃபெண்டர் அடுத்து வந்த மாடல்கள்ல 10-க்கு மாறிட்டாங்க, அதுக்காக ஆம்ப் யாருக்கும் சத்தம் கம்மியாகிப் போயிடல.

படம் வந்ததுக்கு அப்புறம் ஜோக்கே நிஜமாக ஆரம்பிச்சது. சோல்டானோ எஸ்எல்ஓ 100-னு ஒரு ஆம்ப், ஹெவியா வாசிக்கிறவங்க கிட்ட ரொம்ப மரியாதை உள்ள ஆம்ப், அதுல நாப் 11 வரைக்கும் போகும். மார்ஷலே 1990-ல ஜேசிஎம் 900 கொண்டு வந்தப்ப 20 வரைக்கும் நம்பர் போட்டாங்க, விளம்பரத்துக்கு அதே கிறிஸ்டோஃபர் கெஸ்டை நைஜல் வேஷத்துலயே கூட்டிட்டு வந்தாங்க. ஆம்ப் தாண்டியும் போச்சு இது. பிபிசியோட ஐபிளேயர்ங்குற வீடியோ தளத்துல வால்யூமை 11 வரைக்கும் வச்சாங்க, டெஸ்லா கார்லயும் 11 வரைக்கும் வச்சாங்க, படங்களுக்கு ஸ்டார் போடுற ஐஎம்டிபி தளத்துல எல்லாப் படத்துக்கும் 10 ஸ்டார்னா இந்தப் படத்துக்கு மட்டும் 11-னு காட்டினாங்க. 2002-ல ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்ட் டிக்‌ஷனரிலயே "11 வரைக்கும்"ங்குற அந்தச் சொல் உச்ச சத்தம்ங்குற அர்த்தத்தோட ஏறிடுச்சு. ஒரு நாப் மேல இருந்த அச்சு அகராதி வரைக்கும் போயிருக்கு.

இப்ப கொஞ்சம் ஆழமான இடத்துக்கு வர்றேன், இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. நம்பருக்கு யூனிட் இல்லைங்குறது சரி, அட்லீஸ்ட் 5-ங்குறது 10-ல பாதி சத்தமாவது இருக்குமான்னு கேட்டா, அதுவும் பெரும்பாலும் இருக்காது. காரணம் நம்ம காது. காது கூட்டல் கணக்குல கேக்காது, பெருக்கல் கணக்குலதான் கேக்கும். ஆம்ப்ல இருந்து வர்ற பவரை 10 மடங்கு ஆக்கினாத்தான் காதுக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு சத்தம் மாதிரி தோணும். இந்தப் பெருக்கல் கணக்கை சுலபமாச் சொல்றதுக்குத்தான் டெசிபல்னு ஒரு அளவு வந்துச்சு, டெலிஃபோன் கண்டுபிடிச்ச அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் பேர்ல இருந்து எடுத்த பேர். பவர் 10 மடங்கு ஆனா 10 டெசிபல் ஏறும், ரெண்டு மடங்கு ஆனா 3 டெசிபல்தான் ஏறும். அதனால 50 வாட் ஆம்பை வித்துட்டு 100 வாட் வாங்கினா சத்தம் டபுள் ஆகும்னு நினைக்காதீங்க, 3 டெசிபல்தான் ஏறும், கவனிச்சுக் கேட்டா தெரியும் அவ்ளோதான். நிஜமா டபுள் மாதிரி கேக்கணும்னா 50-ல இருந்து 500 வாட்டுக்குப் போகணும்.

இதனால பாட் செய்றவங்களுக்கு ஒரு சிக்கல். பட்டையில நாக்கு பாதி தூரம் நகர்ந்தா பாதி சிக்னல் போற மாதிரி நேர்க்கோட்டுல செஞ்சா, அதை லீனியர் பாட்னு சொல்லுவாங்க, 5-ல வச்சா வெறும் 6 டெசிபல்தான் குறைஞ்சிருக்கும் (இங்க பாதியாகுறது வோல்டேஜ், அது பாதியானா பவர் கால்வாசி ஆகும், அதனாலதான் 3 இல்லாம 6), காதுக்கு 10-ல இருந்து கொஞ்சம் இறக்கின மாதிரிதான் இருக்கும். 1-ல வச்சா 20 டெசிபல் குறைவு. அதாவது மெதுவா வாசிக்கணும்னா உங்களுக்கு வேணும்கிற அத்தனை சத்தமும் 0-க்கும் 1-க்கும் நடுவுல இருக்குற அந்த 30 டிகிரிக்குள்ள நெருக்கிக்கிட்டு உக்காந்திருக்கும். சில ஆம்ப்ல நாப்பை ஒரு மயிரிழை அசைச்சாலே அமைதில இருந்து அலறலுக்குத் தாவுறதுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அதுக்கு மாற்றா செய்றதுதான் ஆடியோ பாட், லாக் பாட்னும் சொல்லுவாங்க. இதுல பாதி தூரம் வந்தாலும் சிக்னல்ல 10-ல இருந்து 15 சதவீதம்தான் போகும். 10 சதவீதம்னா 20 டெசிபல் குறைவு, லீனியர்ல 1-லயே வந்துடுற சத்தம் இதுல 5-லதான் வரும். அதனால விரலுக்கு ஒரு நிதானம் கிடைக்குது, திருப்புறதுக்கும் காதுக்கும் ஒரு ஒத்துமை வருது. ஆனா விலை கம்மியான லாக் பாட்ல பட்டையை ரெண்டு நேர்க்கோட்டுத் துண்டா செஞ்சு நடுவுல ஒட்ட வச்சிருப்பாங்க, அந்த ஒட்டு வர்ற இடத்துல சத்தம் ஏறுற வேகம் திடீர்னு மாறும், உங்க ஆம்ப்ல 5-க்கும் 6-க்கும் நடுவுல ஒரு குதி இருந்தா பாட்டோட அந்த ஒட்டைத்தான் நான் முதல்ல சந்தேகப்படுவேன். ஆக ஒரு ஆம்ப்ல 3-ங்குறது எவ்ளோன்னு முடிவு பண்றது உள்ள எந்த பாட் போட்டிருக்காங்கங்குறதும்தான், வெளில இருந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

இன்னொரு பெரிய விஷயம், ட்யூப் ஆம்ப், அதாவது டிரான்சிஸ்டருக்குப் பதிலா கண்ணாடி வால்வு போட்ட ஆம்ப், வச்சிருக்குறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நிறைய பழைய ஆம்ப்ல 5, 6 வந்ததுமே பவர் ட்யூப் தன்னால முடிஞ்ச உயரத்தைத் தொட்டுடும். அதுக்கு மேல திருப்பினா சிக்னல் அலை உயர இடம் இல்லாம தலை தட்டையாகும், கூரை தாழ்வா இருக்குற வீட்ல நெட்டையான ஆள் குனிஞ்சு நிக்கிற மாதிரி. இதைத்தான் கிளிப்பிங்னு சொல்றாங்க. சுத்தமா வளைஞ்சு போற ஒரு அலை முழுசா தட்டையாகி சதுர அலை ஆனா கூட அதே உயரத்துல அதோட பவர் ரெண்டு மடங்குதான், அதாவது 3 டெசிபல். அப்ப 6-ல இருந்து 10 வரைக்கும் நீங்க திருப்புற அத்தனை தூரத்துக்கும் சேத்து சத்தம் ஏறுறது ஏறக்குறைய அவ்ளோதான். ஏறுறது வேற, டிஸ்டார்ஷன்ங்குற கரகரப்பு ஏறும், நோட் நீளமா நிக்கும், விரல் மெல்லத் தட்டினாலும் அழுத்தித் தட்டினாலும் ஒரே மாதிரி கெட்டியா வரும். ராக் கிட்டாரோட அந்த முரட்டுக் குரல் பொறந்ததே இங்கதான், அந்தக் காலத்துல 10-ல வச்சு வாசிச்சவங்க பாதி பேரு தேடினது சத்தத்தை இல்ல, இந்தக் குரலைத்தான். அப்படிப் பாத்தா மேல் பாதில அது வால்யூம் நாப்பே இல்ல, டோன் நாப்!

இந்தக் குரல் வேணும் ஆனா காது போகக் கூடாதுன்னு கேட்டவங்களுக்காக வந்ததுதான் மாஸ்டர் வால்யூம். மார்ஷல் 1975-ல 2203-ங்குற மாடல்ல இதை வச்சாங்க. முன்னாடி கெயின்னு ஒரு நாப், குரல் எவ்ளோ அழுக்காகணும்னு பாத்துக்கும், பின்னாடி மாஸ்டர் வெளில எவ்ளோ விடணும்னு பாத்துக்கும். இப்பல்லாம் கெயின், மாஸ்டர்னு ரெண்டு நாப் இல்லாத ஆம்ப் கம்மி. அதனால ஒருத்தரு "நான் 8-ல வச்சு வாசிப்பேன்"னு சொன்னா எந்த நாப்புன்னு முதல்ல கேளுங்க, கெயின் 8, மாஸ்டர் 1-ன்னா பாக்குறதுக்குத்தான் பெரிய நம்பர், சத்தம் என்னவோ ஹெட்ஃபோன் அளவுக்குத்தான் இருக்கும்.

பிக்கப், ஸ்பீக்கர், ரூம் இதெல்லாம் வேற இருக்கு, சுருக்கமா சொல்லிடறேன். பிக்கப்ங்குறது கம்பி அதிர்வை சிக்னலா மாத்துற காந்தச் சுருள், அதுல ரெண்டு சுருள் வச்ச ஹம்பக்கர் பொதுவா ஒரே சுருள் வச்ச சிங்கிள் காயிலை விட வலுவான சிக்னல் அனுப்பும், அதனால கிட்டாரை மாத்தினாலே அதே 4 வேற 4 ஆயிடும். ஸ்பீக்கர்ல 1 வாட் குடுத்து 1 மீட்டர் தூரத்துல வச்சு அளந்தா ஒண்ணு 97 டெசிபல் குடுக்கும், இன்னொண்ணு 100 குடுக்கும், அந்த 3 டெசிபல்ங்குறது ஆம்ப் வாட்டை டபுள் பண்ணதுக்குச் சமம். திறந்த வெளில தூரம் ரெண்டு மடங்கு ஆனா 6 டெசிபல் போயிடும். ஆக ஸ்பீக்கர் மாத்தினாலும் நாலடி தள்ளி நின்னாலும் கூட சத்தம் மாறும், நம்பர் அப்படியே இருக்கும்.

உருப்படியான நம்பர் போடுறவங்களும் இருக்காங்க. ஹோம் தியேட்டர் ரிசீவர்ல வால்யூமை ஏத்தும்போது மைனஸ் 40, மைனஸ் 30-ன்னு வரும், முதல் தடவை பாக்குறவங்க பயந்துடுவாங்க, ஆனா எனக்குத் தெரிஞ்சு நாணயமான வால்யூம் நம்பர் அதுதான். 0-ங்குறது ஒரு நிர்ணயிச்ச அளவு, மைனஸ் 30-ன்னா அதுல இருந்து 30 டெசிபல் குறைச்சிருக்கேன்னு அர்த்தம். யூனிட் இருக்கு, தடுக்குறேன்ங்குறதை ஒளிக்காம சொல்லுது. மேடைல எல்லா மைக், வாத்திய சத்தத்தையும் கலக்குற மிக்ஸர்லயும் அப்படித்தான், ஃபேடர்ங்குற மேலயும் கீழயும் நகர்த்துற நாப் 0-ல நின்னா வந்த சிக்னல் கூட்டாம குறைக்காம அப்படியே போகுது, மேல பிளஸ் 10, அடில மைனஸ் முடிவிலி. ஃபோன்ல இது எதுவும் கிடையாது, ஆண்ட்ராய்டுல பாட்டுக்கு வழக்கமா 15 படி, ஐஃபோன்ல 16 படி, அதுக்காக ஐஃபோன் ஒரு படி அதிக சத்தம்னு யாரும் சண்டை போடுறது இல்ல.

ஆனா நைஜலோட ஆசை இருக்கே, அதை நான் தப்பு சொல்ல மாட்டேன். 10-க்கு வந்துட்டோம், அதுக்கு மேல எங்க போறதுன்னு அவரு கேக்குறது வாசிக்கிற எல்லாருக்கும் வர்ற கேள்வி. பாட்டு நடுவுல சோலோ வருது, டிரம்ஸும் பாஸும் சேந்து அடிக்குது, அந்த நேரத்துல ஒரு படி மேல ஏற இடம் வேணும். அவரு தேடின இடம் தப்பு, அவ்ளோதான். இடம் மேல இல்ல, கீழதான் இருக்கு. கிட்டாருல இருக்குற வால்யூம் நாப்பை ரிதம் வாசிக்கும்போது 7-ல வச்சுட்டு சோலோ வரும்போது முழுசா திறந்தா அந்த 11 உங்களுக்குக் கிடைச்சாச்சு. பூஸ்ட் பெடல், அதாவது காலால மிதிச்சா சிக்னலைக் கூட்டுற பெட்டி, வாங்கலாம்னு நினைக்கிறவங்க ஒண்ணு கவனிங்க, ஆம்ப் ஏற்கனவே கூரையைத் தொட்டிருந்தா முன்னாடி பூஸ்ட் போட்டாலும் சத்தம் ஏறாது, இன்னும் அழுக்காகும் அவ்ளோதான். முதல்ல ஆம்பைக் கொஞ்சம் இறக்கி வச்சு இடம் விடணும், அப்புறம்தான் பூஸ்ட் வேலை செய்யும்.

நம்பரே வேண்டாமான்னா, வேணும். அது ஞாபகத்துக்கு. அதே ஆம்ப், அதே கிட்டார், அதே ரூம்னா நேத்து நல்லா இருந்த 3.5-ஐ இன்னைக்குத் திரும்பக் கண்டுபிடிக்கலாம். நாப்பைக் கழட்டி மாட்டுறவங்க மட்டும் ஜாக்கிரதையா இருக்கணும். சின்ன ஸ்க்ரூ வச்சு முடுக்குற நாப், உள்ள ஷாஃப்ட் உருண்டையா இருந்தா, எந்த கோணத்துல வேணாலும் உக்காரும். ஒருத்தர் ஆம்பைத் துடைச்சு மாட்டிக் குடுத்தப்ப நான் ஒரு நம்பர் தள்ளி மாட்டிட்டேன், முழுசா மூடினா 1 காட்டும், முழுசா திறந்தா 10-ஐத் தாண்டி ஒரு நம்பர் தூரம் வெறும் இடத்துல போய் நிக்கும். அவரு ஒரு வாரம் வாசிச்சிட்டு ஆம்ப் இப்ப நல்லா சத்தமா இருக்குன்னு சந்தோஷமா சொன்னாரு. 30 டிகிரி, ஒரு ஸ்க்ரூ, வேற எதுவும் மாறல.

அதனால புது ஆம்புக்கு என்னோட யோசனை, ஆன் பண்றதுக்கு முன்னாடி 0-க்கு இறக்கிடுங்க, கிட்டார்ல வால்யூமை முழுசா திறந்துக்கங்க, வாசிச்சுக்கிட்டே மெதுவா ஏத்துங்க, காது போதும்னு சொல்ற இடத்துல நிறுத்துங்க. ஃபோன்ல சத்தம் அளக்குற ஆப் ஒண்ணு போட்டுக்கங்க, துல்லியமா இருக்காது, ஒரு குத்துமதிப்புக்குப் போதும். அமெரிக்காவுல வேலை செய்ற இடத்துப் பாதுகாப்பை ஆராயுற நியோஷ் நிறுவனம் சொல்ற கணக்கு இது: 85 டெசிபல்ல ஒரு நாளைக்கு 8 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறுறப்பவும் நேரம் பாதியாகும், 100 டெசிபல்னா 15 நிமிஷம்தான். பேண்டோட நின்னு வாசிக்கும்போது 100-ஐத் தொடுறது ரொம்ப சுலபம்.

ஆப் இருக்கும்போதே ஒரு நாள் காதுல பிளக் மாட்டிக்கிட்டு, ஃபோனை ஆம்புக்கு எதிர்ல ஒரே இடத்துல வச்சுட்டு, ஒரே கார்டை, அதாவது சேத்து மீட்டுற ஒரே சுரக் கூட்டை, ஒரே பலத்தோட 1-ல ஒரு தடவை, 2-ல ஒரு தடவைன்னு 10 வரைக்கும் வாசிச்சு ஒவ்வொண்ணுக்கும் எத்தனை டெசிபல் வருதுன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. யூனிட் இல்லாம இருந்த அந்த நம்பர்களுக்கு உங்க ரூம்ல, உங்க கிட்டாருக்கு மட்டும் ஒரு அர்த்தம் கிடைச்சிருக்கும். எழுதி முடிச்சிட்டு 1-ல இருந்து 4 வரைக்கும் எவ்ளோ ஏறியிருக்கு, 7-ல இருந்து 10 வரைக்கும் எவ்ளோ ஏறியிருக்குன்னு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.